வாரிசுச் சான்றிதழ்

2023 செப்டம்பர் மாசம். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்து மாடி. சனாதனத்தை ஒழிக்கணும்னு பேசினதுக்காக அமைச்சர் உதயநிதி தலைக்கு அயோத்திச் சாமியார் ஒருத்தர் 10 கோடி ரூபாய் விலை வச்சிருந்த நேரம். அதைக் கண்டிச்சு நடந்த கூட்டம். என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. போனேன். முக்கால் மணிநேரம் பேசினேன். டெங்கு, மலேரியா, கொரோனான்னு அவர் சொன்ன உவமை எங்களுக்கு உவமை இல்லை, எங்க தெருவுல பிறந்தவனுக்கு அது நேர்ல பார்த்த வியாதின்னு சொன்னேன். கை தட்டினாங்க.

முடிஞ்சதும் பின்வரிசையில இருந்து ஒரு பொண்ணு எழுந்திருச்சது. கல்லூரியில முதல் வருஷமோ ரெண்டாவது வருஷமோ. நம்ம பக்கத்துப் பொண்ணுதான், முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

"சார், ஒருத்தன் பிறப்பை வச்சு அவனுக்கு என்ன வேலை, என்ன இடம்னு முடிவு பண்றதுதான் சனாதனம்னு சொன்னீங்க. அமைச்சர் எதனால அமைச்சர் ஆனார்?"

மண்டபத்துல நாலு பேர் சிரிச்சாங்க. மேடையில இருந்த கட்சிக்காரத் தோழர் ஒருத்தர் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பிடிச்சு, "நல்ல கேள்விம்மா. ஆனா இது அதுக்கான நேரம் இல்லை"ன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு வேற ஒண்ணும் கேட்கலை. உட்கார்ந்துக்கிச்சு.

இது அதுக்கான நேரம் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் எத்தனை முறை நம்மகிட்ட சொல்லியிருக்காங்க! முதல்ல வெள்ளைக்காரன் போகட்டும், அப்புறம் உங்க சேதியப் பார்க்கலாம்னாங்க. முதல்ல பார்ப்பனியம் ஒழியட்டும், அப்புறம் ஊர்த்தெரு நாற்காலியப் பத்திப் பேசலாம்னாங்க. முதல்ல வர்க்கப் புரட்சி வரட்டும்னாங்க. அதே வாக்கியத்தை என் வாயாலேயே ஒரு தலித் மாணவிகிட்ட சொல்லிட்டு வந்து, ராத்திரி தூக்கம் பிடிக்கலை. அன்னைக்கு சொல்லாம விட்ட பதில்தான் இது.

வாரிசுங்கிற வார்த்தை எனக்குப் பத்திரிகையில படிச்சுத் தெரிஞ்ச வார்த்தை இல்லை. எங்கய்யா முனிசிபாலிட்டியில துப்புரவு வேலை பார்த்தார். வாளியும் தகரமும் தூக்கின காலத்து ஆள். எடுப்புக் கக்கூஸ் வரிசையில வீட்டுக்குப் பின்னாடி சந்து வழியா போய், அள்ளி, தள்ளுவண்டியில கொட்டி, ஊருக்கு வெளியே கொண்டு போற வேலை. 1993-லயே மனுசனை வச்சு மலம் அள்ளுறதைத் தடை பண்ணி மத்தியில சட்டம் போட்டாச்சு. அந்தச் சட்டம் எங்க ஊர் சந்துக்குள்ள வர்றதுக்கு முந்தியே, 1994-ல, எங்கய்யா மஞ்சள் காமாலையில செத்துப்போனார்.

அப்ப எங்க அண்ணனுக்கு 22 வயசு. பன்னெண்டாவது பாஸ் பண்ணி, டைப்பிங் லோயரும் முடிச்சிருந்தார். அம்மா எங்களைக் கூட்டிக்கிட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கினாங்க. அம்மா, அண்ணன், நான், தங்கச்சி, நாலு பேர் பேரு. கருணை அடிப்படையில வேலை கேட்டு மனு போட்டோம். அண்ணனுக்கு வேலை குடுக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு நான் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில நான் போட்ட முதல் கையெழுத்து அதுவாத்தான் இருக்கும்.

ஆபீஸ்ல இருந்த கிளார்க்கு சர்ட்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்தார். "பிளஸ் டூவா, பரவாயில்லையே"ன்னார். அண்ணன், "சார், ஆபீஸ் உதவியாளராப் போட்டாக்கூடப் போதும்"னு கேட்டார். அந்த ஆள் பேனாவை மூடி வச்சுட்டு, "வாரிசு வேலைன்னா என்னப்பா? உங்கய்யா பார்த்த வேலைதான் உனக்கு"ன்னார். அதே வருஷம் அதே ஆபீஸ்ல செத்துப்போன ஒரு கணக்கரோட மகன், பத்தாவது முடிச்சவன், நாற்காலியில உட்கார்ந்தான். அவனும் வாரிசுதான். அவங்கப்பா நாற்காலி அவனுக்கு, எங்கய்யா வாளி எங்கண்ணனுக்கு.

அண்ணன் வாளியை எடுத்ததால நான் பேனாவை எடுத்தேன். இன்னைக்கு நான் மேடையில நின்னு பேசுறது அந்தச் சம்பளத்துல படிச்ச படிப்பு. இதை மறைச்சு வச்சுக்கிட்டு வாரிசு அரசியலைப் பத்தி நான் எழுதினா அது பித்தலாட்டம்.

பிறப்பு வழி வேலைங்கிறது இந்த மண்ணுல வெறும் பழக்கமா மட்டும் இருக்கலை, சட்டமாவே இருந்தது. 1895-ல சென்னை மாகாணத்துல பரம்பரைக் கிராம உத்தியோகங்களுக்குன்னே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். கர்ணம் மகன் கர்ணம், முன்சீப்பு மகன் முன்சீப்பு. அதே முறையில கீழே வந்தா தலையாரி மகன் தலையாரி, வெட்டியான் மகன் வெட்டியான். மேலே இருக்கிறவனுக்கு அது சொத்து, கீழே இருக்கிறவனுக்கு அது விலங்கு. அண்ணல் அம்பேத்கர் தலைமையில எழுதின அரசியல் சட்டத்துல 16-ஆவது பிரிவு, அரசு வேலையில சாதி, மதம் பார்க்கக் கூடாதுன்னு சொல்றதோட நிக்கலை, வம்சாவளியையும் பார்க்கக் கூடாதுங்குது. அதை வச்சு 1961-ல ஆந்திராவுல ஒரு பரம்பரை முன்சீப்பு வழக்குல, குடும்பத்துல பிறந்தான்னு வேலை குடுக்கிறது செல்லாதுன்னு உச்சநீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டுல 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஆட்சி ஒரே அவசரச் சட்டத்துல கர்ணத்தையும் முன்சீப்பையும் வீட்டுக்கு அனுப்பினது.

இதுக்கெல்லாம் முந்தி, 1970-ல, கலைஞர் என்ன செஞ்சார்? கோயில்ல அர்ச்சகர் மகனே அர்ச்சகர்ங்கிற பரம்பரை உரிமையைச் சட்டம் போட்டு ஒழிச்சார். 1972-ல உச்சநீதிமன்றம் ஆகமத்தைக் காட்டி நம்மாளை உள்ளே விடாம ஒரு கதவைச் சாத்தினாலும், பரம்பரை உரிமையை ஒழிச்சது சரிதான்னு ஒத்துக்கிட்டது. 1953-ல ராஜாஜி கொண்டுவந்த, அரை நாள் பள்ளிக்கூடம் அரை நாள் அப்பன் தொழில்ங்கிற திட்டத்தை குலக்கல்வின்னு பேர் வச்சு விரட்டினதுல பெரியார் பங்கும் இருக்கு, தி.மு.க. பங்கும் இருக்கு. ஏன், நேத்து நடந்ததையே பாருங்க. 2023-ல பிரதமர் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்துல, குடும்பத் தொழிலா செய்யறவனுக்குத்தான் கடன்னு இருந்ததை எதிர்த்து, அந்த நிபந்தனையை எடுங்கன்னு மு.க.ஸ்டாலின் கேட்டார். எடுக்கலைன்னதும் 2024 நவம்பர்ல இந்தத் திட்டத்தை இப்படியே ஏத்துக்க முடியாதுன்னு மறுத்தார். சரியான மறுப்பு. நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனா அந்த மறுப்புக்கு ரெண்டு மாசம் முந்தி, செப்டம்பர் 28-ஆம் தேதி, அவர் மகன் துணை முதலமைச்சர் ஆயிட்டார்.

இங்கே நான் கொஞ்சம் நிதானமாப் போகணும். உதயநிதியைத் தேர்ந்தெடுத்தது ஜனங்கதானேன்னு தோழர்கள் கேட்பாங்க. உண்மை. 2021-ல சேப்பாக்கம் - திருவல்லிக்கேணித் தொகுதியில சுமார் 69 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். எம்.எல்.ஏ. ஆனது ஓட்டுல, அதை மறுக்க முடியாது. ஆனா அமைச்சர் பதவி ஓட்டுல வராது. முதலமைச்சர் பரிந்துரைக்கணும், ஆளுநர் கையெழுத்துப் போடணும். முதலமைச்சர் யாரு? அப்பா. எங்கண்ணனுக்குக் குடுத்ததைக் கருணை அடிப்படைன்னு சொன்னாங்க. இதுக்கு என்ன அடிப்படைன்னு எழுதுறது?

கலைஞருக்கு வாரிசுச் சான்றிதழ் கிடையாது. திருக்குவளையில இருந்து எழுத்தாலயும் பேச்சாலயும் வந்தவர். ஸ்டாலின் விஷயமும் ஒரேயடியா ஒதுக்கக் கூடியதில்லை. 1976-ல மிசாவுல அடி வாங்கினார், 1989-ல எம்.எல்.ஏ., 1996-ல மேயர், 2006-ல அமைச்சர், 2009-ல துணை முதல்வர். அப்பா நிழல்தான், ஆனா அந்த நிழல்ல இருபது வருஷம் நடந்தார். மகனுக்கு 2019-ல இளைஞரணி, 2021-ல எம்.எல்.ஏ., 2022 டிசம்பர் 14-ல அமைச்சர், 2024-ல துணை முதல்வர். எம்.எல்.ஏ. ஆன நாளில இருந்து எண்ணினா மூணரை வருஷம்கூட இல்லை. விமர்சனத்துக்குச் செயல்ல பதில் சொல்றேன்னு பதவி ஏத்த அன்னைக்குச் சொன்னார். சொல்லட்டும். ஆனா பதில் சொல்றதுக்கு ஒரு நாற்காலி அவருக்கு முதல்லயே கிடைச்சிருச்சு. நம்ம பிள்ளைங்க நாற்காலி கிடைக்கிறதுக்கு முந்தியே பதில் சொல்லி முடிக்கணும்.

நாற்காலின்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. 2021 மே மாசம் பதவியேத்த அமைச்சரவையில 34 பேர். வரிசைப் பட்டியல்ல 33-ஆவது பேர் மதிவேந்தன், 34-ஆவது பேர் கயல்விழி செல்வராஜ். ரெண்டு பேரும் தலித்துகள், தனித்தொகுதியில ஜெயிச்சு வந்தவங்க. ஊருல பந்தி போடுற மாதிரியே இருக்கேன்னு அன்னைக்கே நாங்க டீக்கடையில பேசிக்கிட்டோம். ஒன்றரை வருஷம் கழிச்சு உதயநிதி உள்ளே வந்தப்போ அவருக்குப் போட்ட இடம் பத்தாவது. கடைசியில வந்தவர் கடைசியில உட்காரலை. துணை முதல்வர் ஆனதும் மூணாவது இடம். அதே மாற்றத்துல கோவி. செழியனுக்கு உயர்கல்வித் துறை குடுத்தாங்க, அதையும் சொல்லித்தான் ஆகணும். நம்மாளுன்னா ஆதிதிராவிடர் நலம்தான்ங்கிற வழக்கத்தை அது கொஞ்சம் உடைச்சது.

இந்த இடத்துல ஒரு படத்தைப் பத்திச் சொல்லாம இருக்க முடியலை. 2023 ஜூன்ல 'மாமன்னன்' வந்தது. மாரி செல்வராஜ் எடுத்தது. தனித்தொகுதி எம்.எல்.ஏ.வான ஒரு தலித் அப்பா, சாதிக்காரத் தலைவன் முன்னாடி உட்காராம நிக்கிறார். அவரை உட்கார வைக்கப் போராடுற மகனா நடிச்சது உதயநிதி. தியேட்டர்ல நான் அழுதேன். எங்கண்ணன் மூணு தடவை பார்த்தார். அப்பனுக்கு நாற்காலி கேட்கிற மகனாத் திரையில நடிச்சவருக்கு, வெளியில அப்பனே நாற்காலி போட்டுக் குடுத்தார். இதைச் சொன்னா மாரி செல்வராஜைக் குறை சொல்றதா எடுத்துக்காதீங்க. அவர் எடுத்த படம் எடுத்தபடியே நிக்கும். நான் கேட்கிறது படத்தைப் பார்த்துட்டு வெளியே வந்த நம்ம கேள்வி.

சரி, யார் யார் இவரை விமர்சனம் பண்றாங்க? தலைக்கு விலை வச்சவனை விட்டுடுவோம், அவனோட பேச ஒண்ணுமில்லை. வாரிசு வாரிசுன்னு கத்துற பா.ஜ.க.வைப் பாருங்க. உதயநிதி இங்கே விளையாட்டுத் துறை அமைச்சரா இருந்த அதே சமயம் டெல்லியில விளையாட்டுத் துறை அமைச்சரா இருந்தது அனுராக் தாக்கூர். அவர் யாரு? இமாச்சல முன்னாள் முதல்வர் துமாலோட மகன். அ.தி.மு.க.வுல ஓ. பன்னீர்செல்வம் மகன் 2019-ல தேனி எம்.பி. ஆனார். பா.ம.க.வைப் பத்தி எழுதவே வேண்டாம், அப்பனும் மகனும் 2025-ல ஊரறிய அடிச்சுக்கிட்டாங்க. இவங்க யாருக்கும் பரம்பரை மேல கோபம் இல்லை. தங்களோட பரம்பரைக்கு இடம் கிடைக்கலைங்கிறதுதான் கோபம். அதனாலதான் அன்னைக்கு மண்டபத்துல நான் வாயை மூடினேன். நம்ம கேள்வியை எடுத்துக் கொண்டுபோய் அவன் கத்திக்குச் சாணை பிடிப்பானேன்னு பயம். பயம் நியாயம்தான். ஆனா எதிரிக்குப் பயந்துக்கிட்டு நண்பன்கிட்ட கேட்க வேண்டியதைக் கேட்காம விட்டா, நண்பன் எப்ப நம்மளை நண்பனா மதிப்பான்?

2024 மார்ச்சுல உச்சநீதிமன்றம் உதயநிதியைப் பார்த்து, நீங்க சாதாரண ஆள் இல்லை, அமைச்சர், பேசினா என்ன விளையும்னு தெரிஞ்சிருக்கணும்னு கண்டிச்சது. எனக்கும் அவர் அமைச்சர்ங்கிறதுதான் குறை. ஆனா வேற காரணத்துக்கு. அவர் அமைச்சராகிப் பன்னெண்டாம் நாள், 2022 டிசம்பர் 26, வேங்கைவயல்ல நம்ம சனம் குடிக்கிற தண்ணித் தொட்டியில மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. அவர் சனாதனத்தை ஒழிக்கணும்னு காமராசர் அரங்கத்துல பேசினப்போ அதுக்கு எட்டு மாசம் ஆயிருந்தது. ஒருத்தனைக்கூடக் கைது பண்ணியிருக்கலை. 2025 ஜனவரியில குற்றப்பத்திரிகை வந்தது, வந்ததுல பாதிக்கப்பட்ட தெருவைச் சேர்ந்த மூணு பேர் பேரே இருந்தது. அந்த ஊர் சனம் அதை ஏத்துக்கலை. சனாதனம்னா மேடைக்கு மேடை தேட வேண்டியதில்லை, அதோ அந்தத் தொட்டியில இருந்தது. எழுத்தாளன் பேசினா பேச்சுதான் அவன் செயல். அமைச்சருக்குக் கையில அரசாங்கம் இருக்கு.

நம்ம வீட்டுக் கூரையையும் பார்க்கணும். ஜெகஜீவன் ராம் மகள் மீரா குமார் 2009-ல மக்களவைத் தலைவர் ஆனார். ராம் விலாஸ் பாஸ்வான் மகன் சிராக் 2024-ல மத்திய அமைச்சர் ஆனார். கன்ஷிராம் குடும்பமே வேண்டாம்னு வந்து, ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு பள்ளி ஆசிரியையைத் தலைவியாக்கினார். அந்த மாயாவதியே 2023 டிசம்பர்ல தன் தம்பி மகனை வாரிசுன்னு அறிவிச்சு, எடுத்து, சேர்த்து, நீக்கி, மறுபடி சேர்த்தார். இதைப் படிச்சப்போ எனக்கு வந்த வருத்தம் உதயநிதி விஷயத்துல வந்ததைவிட அதிகம்.

ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி உள்ஒதுக்கீடு வழக்குல ஏழு நீதிபதிகள் தீர்ப்பு சொன்னாங்க. அருந்ததியர் உள்ஒதுக்கீட்டுக்கு வலு சேர்த்த தீர்ப்பு. அதோட சேர்த்து, பட்டியல் சாதியிலயும் மேலே வந்தவங்களோட பிள்ளைங்களைக் கண்டுபிடிச்சு இடஒதுக்கீட்டுல இருந்து விலக்கணும்னு நாலு நீதிபதிகள் கருத்துச் சொன்னாங்க. அதுல ஒருத்தர் பி.ஆர்.கவாய், நம்ம சமூகத்துக்காரர், ஆளுநராவும் அரசியல் தலைவராவும் இருந்த ஆர்.எஸ்.கவாயோட மகன். கலெக்டர் மகனுக்கு எதுக்குச் சலுகைன்னு நாடே கேட்குது. முதலமைச்சர் மகனுக்கு எதுக்குச் சலுகைன்னு கேட்டா மட்டும் அது கட்சியோட உள்விவகாரம். ஒரு தலைமுறை தலை நிமிர்ந்தாலே நம்ம பிள்ளைக்குக் கணக்குப் பார்க்கிறான். அங்கே மூணாவது தலைமுறைக்கும் கணக்கே கிடையாது.

துணை முதல்வர் செய்தி வந்த ராத்திரி நான் அண்ணன் வீட்டுல இருந்தேன். அண்ணனுக்கு உதயநிதியைப் பிடிக்கும். "நம்மளுக்காகத் திட்டு வாங்குன ஆளுடா"ன்னார். டி.வி.யில பழைய படமெல்லாம் காட்டுறான், கலைஞர், ஸ்டாலின், பேரன்னு வரிசையா. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "அவுகய்யா அவருக்குக் குடுத்தாக. நம்மய்யாவும் எனக்குக் குடுத்தாரு. என்ன, அவருகிட்ட வேணுமான்னு கேட்டுக் குடுத்திருப்பாக."

கோபமே இல்லாமச் சொன்னார்.

2025 ஆகஸ்டுல சென்னை ரிப்பன் மாளிகை வாசல்ல தூய்மைப் பணியாளர்கள் பதிமூணு நாள் உட்கார்ந்திருந்தாங்க. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள்ல குப்பை வேலையைத் தனியாருக்குக் குடுக்காதே, வேலையை நிரந்தரமாக்குன்னு கேட்டாங்க. 13-ஆம் தேதி நடுராத்திரி போலீஸ் வந்து அள்ளிக்கிட்டுப் போனது. மறுநாள் காலைச் சாப்பாடு உள்பட சில திட்டங்களை அரசாங்கம் அறிவிச்சது. அப்பதான் அண்ணன் திருமாவளவன், இந்த வேலையை நிரந்தரமாக்குன்னு கேட்கிறது, குப்பை அள்ளுறவனே காலத்துக்கும் அள்ளட்டும்ங்கிறதுக்குத் துணை போறதாகும்னு பேசினார். எங்க வீட்டுல அடுப்புல வச்ச சோறு குழைஞ்சு போற அளவுக்குச் சண்டை.

நான் திருமா பக்கம். பரம்பரைங்கிறது அறுபடணும்னா நம்ம பக்கமும் அறுபடணும்னேன். அண்ணன் மகன் பி.காம். முடிச்சுட்டு ஒரு ஜவுளிக் கடையில 11 ஆயிரத்துக்கு நிக்கிறான். அவன் ஒண்ணும் பேசலை, செல்போனைப் பார்த்துக்கிட்டு இருந்தான். மதினிதான் கேட்டாங்க.

"தம்பி, நீங்க படிச்சவுக. ஒங்களுக்கு ஒங்கண்ணன் அள்ளுனாரு. இப்ப எங்க முனிசிபாலிட்டியில எல்லாம் கான்ட்ராக்ட்டு. அதே குப்பை, அதே சாக்கடை, அள்ளுறது நம்ம புள்ளைகதான், சம்பளம்தான் கால்வாசி. நெரந்தரம் வேணாம்னா வேலையவே எடுக்கச் சொல்லுங்க. வேலைய வச்சுக்கிட்டு நெரந்தரத்த மட்டும் எடுக்கிறதுக்கு நீங்க எதுக்குத் தலையாட்டுறீக?"

"நான் அப்படிச் சொல்லலை மதினி..."

"அவுக வீட்டுல மட்டும் நெரந்தரமா இருக்கலாமாக்கும்?"

நான் வாயை மூடிக்கிட்டேன். அண்ணன் எழுந்திரிச்சு, "விடு, அவன் என்ன செய்வான்"னார். சைக்கிளைத் திண்ணையில ஏத்தி வச்சுட்டு, காலையில அஞ்சு மணிக்கு மஸ்டர்னு படுக்கப் போயிட்டார். மகன் மட்டும் செல்போன்ல இருந்து தலையைத் தூக்கி, "சித்தப்பா, அன்னைக்கு மண்டபத்துல ஒரு அக்கா கேள்வி கேட்டுச்சுல்ல, அது எங்க காலேஜ் சீனியர்தான். நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு அப்பவே சொல்லிச்சு"ன்னான்.